மேடம் சொல்றாக

யுவராணிக்கு மலையாளம் தெரியும். ஜீப்பில் அவளுக்கு முன்சீட்டு கிடைத்தது அந்த ஒரே காரணத்தால்தான். வேறு தகுதி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

சுருளிப்பட்டியிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, கம்பம்மெட்டு ஏறி, எல்லை தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளில் முன்சீட்டு லேசுப்பட்டதல்ல. பின்னால் பெண்கள் முழங்காலும் முழங்காலும் இடிக்க, சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு வருவார்கள். முன்னால் டிரைவர் பாண்டியராஜனுக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். பார்த்தால் பெரிய அதிகாரம் போலத் தெரியும். உண்மையில் அந்த அதிகாரத்தின் ஆயுள் மறுநாள் காலை வரைக்கும்தான். எந்த ஜீப்பில் ஏறுவது என்பது பெண்களின் இஷ்டம். சூப்பர்வைசரைப் பிடிக்கவில்லை என்றால் சண்டை போடமாட்டார்கள், முகத்தைக்கூடக் காட்டமாட்டார்கள். மறுநாள் அடுத்த ஜீப்பில் ஏறிப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆளில்லாத ஜீப்புக்கு சூப்பர்வைசர் எதற்கு?

யுவராணியின் ஜீப்பிலிருந்து மட்டும் யாரும் இறங்கிப் போனதில்லை. அவள் யாரையும் கடிந்து பேசியதில்லை, யார் மனமும் நோக விட்டதில்லை. அது அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்த பழக்கம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் மலைமேல் ஒரு எஸ்டேட்டின் வரிசை வீட்டில், லயத்தில், குடியிருந்து வேலை பார்த்தவர்கள். அவள் பத்தாவது வரை படித்ததும் அங்கேதான், மலையாளப் பள்ளிக்கூடத்தில். அப்பாவும் அம்மாவும் மாதத்தில் பாதி நாள் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரே அறைக்குள் இருந்துகொண்டு, மகளைத்தான் தூது விடுவார்கள். "இந்தக் கஞ்சிய நாய்கூடக் குடிக்காதுன்னு உங்காத்தாகிட்ட சொல்லு" என்பார் அப்பா. நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் போய், "அப்பாவுக்கு இன்னைக்குப் பசியில்லையாம்மா" என்பாள் பிள்ளை. அம்மாவின் காதிலும் அந்த முதல் பேச்சு விழுந்திருக்கும்தான். ஆனாலும் மகள் சொன்னதையே கேட்டது மாதிரி தலையாட்டுவாள். வீடு அன்றைக்குத் தப்பிக்கும்.

அப்படி வீட்டைக் காப்பாற்றிய பிள்ளை, பெரியவளானதும் ஒரு தோட்டத்தையே காப்பாற்றலாம் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

அவர்கள் போய்வந்த தோட்டத்துக்கு அந்த வருடம் ஷீபா என்றொரு பெண் மேனேஜராக வந்தாள். கோட்டயம் பக்கத்துக்காரி, படித்தவள், முப்பதைத் தாண்டாதவள். தமிழ் ஒரு சொல் தெரியாது. இத்தனை வருடம் மலையேறியவர்களுக்கு மலையாளம் புரியாதா என்று நீங்கள் கேட்கலாம். வேலைக்கு வேண்டிய மலையாளம் புரியும். வா, போ புரியும்; வெள்ளம் என்றால் தண்ணீர், மதி என்றால் போதும் என்பதெல்லாம் புரியும். ஷீபா பேசுவதோ ஓட்டப் பேச்சு, ஆரம்பிக்கும்போதே முடிந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், அவள் கோபத்தில் குரலை உயர்த்துகிறவள் இல்லை. திட்டுவதையும் விசாரிப்பதையும் ஒரே குரலில், ஒரே முகத்தோடு சொல்வாள். முகத்தைப் பார்த்துப் பொருள் பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எல்லாரும் யுவராணியின் வாயைத்தான் பார்ப்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம், பறித்த காயை ஸ்டோர் முற்றத்தில் எடை போடும்போது ஷீபா ஒரு கை அள்ளி விரித்துக் காட்டினாள். பாதிக்குப் பாதி பிஞ்சு. ஏலச்செடியின் தூரில் படர்ந்து கிடக்கும் சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளவேண்டும். பிஞ்சை விட்டுவைத்தால்தான் அடுத்த எடுப்புக்கு அது காயாகும். "இது பறிப்பு இல்லை, கொள்ளை" என்றாள் ஷீபா மலையாளத்தில், அதே அமைதியான குரலில். "இப்படியே போனால் இந்த ஜீப்பை நிறுத்திவிட்டு வடக்கேயிருந்து ஆள் கொண்டுவந்து லயத்தில் தங்கவைத்துவிடுவேன். அவர்களிடம் அப்படியே சொல்லுங்கள்."

யுவராணி திரும்பினாள். பெண்கள் இடுப்பில் கட்டிய படுதாவை அவிழ்த்து உதறிக்கொண்டு, கால் விரலிடுக்கில் அட்டையைத் தேடிக்கொண்டு, களைத்துப்போய் நின்றார்கள்.

"மேடம் சொல்றாக, கொஞ்சம் பிஞ்சு விழுகுதாம். மத்தபடி நல்லாத்தான் பறிக்கீகளாம். பாத்துப் பறிங்கன்னு சொல்றாக."

"தங்கமான பொம்பள" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கமும் அதே கதைதான். ஆனி மாதத்திலிருந்து பெண்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. முதல்நாள் மருந்தடித்த பிளாக்கில் மறுநாள் காலையிலேயே அவர்களை உட்காரவைத்தார்கள். ஏலக்காய் பறிப்பது நின்று செய்கிற வேலையல்ல; தூருக்குள் தலையை விட்டுக் குனிந்து, தரையோடு தரையாக நகர வேண்டிய வேலை. இலையில் தங்கிய மருந்து முகத்தில் சொட்டும். கண் எரியும், தொண்டை கமறும். "ஏத்தா, மேடத்துகிட்ட சொல்லு. மருந்தடிச்ச எடத்துல எங்களால உக்கார முடியாது. மனுசின்னு நெனச்சாகளா, புழுன்னு நெனச்சாகளான்னு கேளு" என்றாள் சந்தனம்மாள்.

சந்தனம்மாள் யுவராணியின் அண்ணன் மனைவி. ஜீப்பில் முதலில் ஏறுகிறவள், தோட்டத்தில் பறிக்க ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடிப்பதில் முன்னால் நிற்கிறவள். யுவராணி சூப்பர்வைசர் ஆனபோது, "எம்புட்டுப் பெரிய ஆளானாலும் எனக்கு நீ நாத்தனாதான்" என்று சொல்லிச் சிரித்தவள். மத்தியானச் சோற்றுக்கு இருவரும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். சந்தனம்மாள் வைத்து எடுத்துவரும் குழம்பில் உப்பு எப்போதுமே தூக்கலாக இருக்கும். "எப்பிடி இருக்கு?" என்று தினமும் கேட்பாள். "நல்லாருக்கு மதினி" என்று யுவராணியும் தினமும் சொல்லிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து அதைச் சமாளிப்பாள்.

அந்த மதினியின் பேச்சை அவள் ஷீபாவிடம் கொண்டுபோனது இப்படி: "மருந்து வாசனை கொஞ்சம் இருக்கிறதாம் மேடம். முடிந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்."

ஷீபா முட்டாள் இல்லை. நிமிர்ந்து பார்த்து, "உட்கார முடியாத அளவுக்கா?" என்று கேட்டாள்.

அங்கே நின்று, 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. யுவராணிக்குள் பழைய பயம் எழுந்தது. ஆமாம் என்றால் மேடம் முகம் மாறும். ஏற்கெனவே பிஞ்சு விஷயத்தில் கோபமாக இருக்கிறாள். இதையும் சொன்னால் ஜீப்பையே நிறுத்திவிடுவாள். "அப்படியெல்லாம் இல்லை மேடம். பழகியவர்கள். ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். பெண்களிடம், "மேடம் பாக்கிறேன்னு சொல்லிருக்காக" என்றாள்.

பெண்கள் காத்திருந்தார்கள். மேடம் பார்ப்பாள், பார்ப்பாள் என்று ஆடியும் போனது. பெண்கள் ஷீபாவைத் தங்கமானவள் என்று நம்பினார்கள். ஷீபா, குறையே சொல்லாத பெண்கள், ஆனால் எத்தனை சொன்னாலும் திருந்தாத பெண்கள் என்று நம்பினாள். இரண்டு தரப்புக்கும் நடுவில் யுவராணி ஒரு சின்னச் சண்டைகூட வராமல் பார்த்துக்கொண்டாள். அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

ஆவணியில் ஒருநாள், மழை தூறிக்கொண்டிருந்த காலையில், ஓடையோரப் பிளாக்கில் சந்தனம்மாள் தூரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள், கால் நிற்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. கைகால் நடுங்கியது. பெண்கள் அவளைப் படுதாவில் கிடத்தித் தூக்கி ஜீப்புக்குக் கொண்டுவந்தார்கள். பாண்டியராஜன் மலை இறங்கிய வேகத்தில் எல்லாரும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். யுவராணி அன்றைக்கு முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் தரையில் உட்கார்ந்து மதினியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல மதினி, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தரம் சொன்ன அந்த வார்த்தையை அவளுக்கே அன்றைக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

ஷீபாவும் தன் காரில் பின்னாலேயே கீழே கம்பம் டவுனுக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, டாக்டர் வெளியே வந்து தமிழில் சொன்னார்: "பூச்சி மருந்து உடம்புக்குள்ள போயிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே இருந்திருந்தா ஆபத்தாயிருக்கும். மருந்தடிச்ச எடத்துக்குள்ள ஆளை யாரு விட்டது?"

"என்ன சொல்கிறார்?" என்று ஷீபா மலையாளத்தில் கேட்டாள்.

யுவராணியின் நாக்கில் ஒரு பதில் தானாகவே வந்து நின்றது: வெயில் மயக்கம் என்கிறார் மேடம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை காலம் பழகியிருந்தால் ஒரு பொய் இத்தனை மடத்தனமாக, இத்தனை வேகமாக வந்து நிற்கும்? அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள்.

ஷீபாவின் முகம் முதல்முறையாக மாறியது. "ஒன்றும் செய்யாது என்றீர்களே."

யுவராணி கதவிடுக்கு வழியாக உள்ளே கிடந்த மதினியைப் பார்த்தாள்.

"அவர் தேறியதும் எல்லாரிடமும் நான் பேச வேண்டும். நான் சொல்வதை நான் சொல்கிறபடியே சொல்ல உங்களால் முடியுமா? முடியாது என்றால் வேறு ஆள் பார்க்கிறேன்."

"முடியும்" என்றாள் யுவராணி. முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

சந்தனம்மாள் வீடு திரும்பி, சோறு தண்ணீர் இறங்க ஆரம்பித்த பிறகு, அந்தக் கூட்டம் ஸ்டோர் முற்றத்தில் நடந்தது. அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. வேறு ஜீப் பார்ப்போமா என்று சிலர் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். யுவராணியின் காதுக்கும் அது வந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, இத்தனை வருடம் தன்னை நம்பி ஏறியவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு ஜீப்பில் ஏறிப்போவதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம்தான் அவளைத் தின்றது.

கூட்டத்துக்குச் சந்தனம்மாளும் வந்திருந்தாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. காபிக் கொட்டை காயப்போடும் களத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

"மருந்தடித்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறோம், முடியவில்லை என்று உங்களில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஏன்?" என்று ஷீபா கேட்டாள்.

யுவராணி சொன்னாள். முற்றம் சலசலத்தது.

"சொல்லலையா?" என்று சந்தனம்மாள் எழுந்தாள். "ஆனி மாசத்துலருந்து சொல்லிக்கிட்டுத்தான கெடக்கோம்? பாக்கிறேன்னு சொன்னாகள்ல?"

யுவராணி அதையும் மலையாளத்தில் அப்படியே சொன்னாள். ஷீபா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, அந்த மாறாத குரலில் பேசினாள். "எனக்கு அது வந்து சேரவில்லை. உட்கார முடியாத அளவுக்கா என்று உங்கள் சூப்பர்வைசரிடம் நேராகவே கேட்டேன். பழகியவர்கள், ஒன்றும் செய்யாது என்று அவர் சொன்னார்."

எல்லாரும் யுவராணியின் வாயைப் பார்த்தார்கள். எத்தனையோ சாயங்காலம் பார்த்த அதே பார்வைதான். இப்போதும் அவள் எதைச் சொன்னாலும் நம்புவார்கள். 'இனிமே பாத்துக்கிடுறேன்னு மேடம் சொல்றாக' என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது.

"மேடம் சொல்றாக..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள். "நீங்க சொன்னது எதுவும் அவுகளுக்கு வந்து சேரலையாம். உக்கார முடியாத அளவுக்கான்னு என்கிட்ட நேராவே கேட்டாகளாம். பழகுனவங்கதான், ஒண்ணும் செய்யாதுன்னு நான் சொன்னேனாம்."

ஸ்டோருக்குள் காய் உலர்த்தும் விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"சொன்னேன்" என்றாள் யுவராணி. இது மேடம் சொல்லாதது. "நான்தான் சொன்னேன். பிஞ்சு விழுகுறதுக்கு ஜீப்பையே நிறுத்திருவேன்னு மேடம் சொன்னதையும் உங்ககிட்ட சொல்லாம மறச்சேன்."

சந்தனம்மாள் அவளைத் திட்டவில்லை. அவளை விட்டுவிட்டு நேராக ஷீபாவைப் பார்த்தாள். "அவுககிட்ட கேளு. மருந்தடிக்கச் சொன்னது யாரு? மறுநா எங்கள அங்கன உக்காரச் சொன்னது யாரு? இவ சொன்னாத்தான் தெரியுமா? அவுகளுக்கு மூக்கு இல்லையா?"

மூக்கு என்ற சொல்லில் வந்து யுவராணி தடுக்கி நின்றாள். பிறகு அந்த மூக்கையும் மலையாளத்தில் சொன்னாள். ஷீபாவின் காது மடல் சிவந்தது. அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். சேறு படாத செருப்பு. நிமிர்ந்தபோது குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"மேடம் சொல்றாக, நீங்க கேக்குறது நியாயமாம். ஸ்டோரோட நின்னுக்கிட்டாகளாம், பிளாக்குக்குள்ள வந்து பாக்கலையாம். அது அவுக தப்பாம்." யுவராணி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னாள். "பிஞ்சு ஏன் விழுகுதுன்னு கேக்குறாக. தொழில் தெரிஞ்சவங்க ஏன் இப்பிடிப் பறிக்கீகன்னு கேக்குறாக."

"ஏன்னா என்ன?" என்றாள் சந்தனம்மாள். "மருந்து நாத்தம் தாங்காம, வெளஞ்சது எது, பிஞ்சு எதுன்னு பாக்காமச் சரத்தையே உருவிப் போட்டுட்டு எந்திரிச்சு ஓடுறோம். பிஞ்சு விழுகாம என்ன செய்யும்?"

அதைக் கேட்டதும்தான் ஷீபாவுக்குப் புரிந்தது. அவள் மாதக்கணக்காகக் கோபப்பட்டதும், இவர்கள் மாதக்கணக்காக முறையிட்டதும் ஒன்றேதான். நடுவில் ஒருத்தி இரண்டையும் தேய்த்துத் தேய்த்து, ஒன்றுமில்லாமல் ஆக்கி வைத்திருந்தாள். அந்த ஒருத்திக்கு அப்போது அங்கே நிற்கவே கூசியது.

பேச்சு அதற்குப் பிறகு நீளவில்லை. மருந்தடித்த பிளாக்கின் வாயிலில் சிவப்புத் துணி கட்டுவது, மருந்து வேகம் அடங்கி அந்தத் துணியை அவிழ்க்கும்வரை யாரும் உள்ளே போவதில்லை என்று முடிவாயிற்று. அவிழ்ப்பதற்கு முன் தானே உள்ளே போய் உட்கார்ந்து பார்ப்பதாக ஷீபா சொன்னாள். பெண்கள் அதற்குச் சிரித்தார்கள், நல்ல சிரிப்புத்தான்.

கலையும்போது சந்தனம்மாள் யுவராணியின் பக்கத்தில் வந்து நின்றாள். "நீ எங்களுக்காகப் பேச வேணாம்த்தா. நாங்க சொல்றதச் சொல்லு, போதும். சண்டை வந்தா நாங்க போட்டுக்கிடுறோம்."

"என்ன சொல்கிறார்?" என்று ஷீபா கேட்டாள்.

யுவராணி அதையும் சொன்னாள்.

மறுநாள் விடியும் முன்பு ஜீப் வழக்கமான இடத்தில் நின்றது. யுவராணி முன்சீட்டில் ஏறாமல் கீழேயே நின்றாள். பக்கத்தில் இரண்டு ஜீப்புகள் உறுமிக்கொண்டு நின்றன. வந்த பெண்களில் ஒருத்தி இவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த ஜீப்பில் ஏறினாள். இன்னொருத்தியும் அவள் பின்னாலேயே போனாள். கூப்பிட்டு ஏதாவது இனிப்பாகச் சொல்லலாம். அந்த வித்தை அவளுக்குக் கைவந்தது. வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து இந்த ஜீப்பில் ஏறினார்கள். கடைசியில் சந்தனம்மாள் தூக்கை ஆட்டிக்கொண்டு மெதுவாக வந்தாள்.

"இன்னும் ரெண்டு நா படுத்திருக்கலாமே மதினி."

"படுத்துக் கெடந்தா உங்கண்ணன் சமைக்கிறேங்காக. அதுக்கு இதுவே தேவல" என்று சொல்லிவிட்டுச் சந்தனம்மாள் பின்னால் ஏறிக்கொண்டாள். பாண்டியராஜன் ஆரன் அடித்தான்.

அன்றைக்கு ஓடையோரப் பிளாக்கில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அவர்கள் மேட்டுப் பிளாக்கில் பறித்தார்கள். மத்தியானம் இருவரும் வழக்கம்போல மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சந்தனம்மாள் தூக்கைத் திறந்து, இவளுடைய சோற்றில் குழம்பை ஊற்றினாள்.

"எப்பிடி இருக்கு?"

யுவராணி மென்றாள். விழுங்கினாள். தண்ணீர்ச் செம்புக்குக் கை போனது, பாதியில் நிறுத்தினாள்.

"உப்பு தூக்கலா இருக்கு மதினி."

சந்தனம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். "இன்னைக்கா?"

"என்னைக்குமே."

"நான் வந்த நாள்லருந்தா?"

"ஆமா மதினி."

சந்தனம்மாள் தன் சோற்றில் ஒரு வாய் அள்ளிப் போட்டு, கண்ணை மூடி, நிதானமாக ருசி பார்த்தாள். யுவராணி, அவள் எழுந்து போய்விடுவாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். உயிர் போய் உயிர் வந்தவளிடம் இன்றைக்கா இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"சரி" என்றாள் சந்தனம்மாள். "நாளைக்குக் கொறச்சுப் போடுறேன்."

அவ்வளவுதான். இத்தனை வருடமும் இதற்குத்தானா பயந்தோம் என்று யுவராணிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாள். மறுநாள் குழம்பில் உப்பே இல்லை. அவள் அதையும் சொன்னாள்.